உழைப்பே அணியாக

அமெரிக்கக் கலைஞர் அடிலெய்டு ஆல்சாப் ரோபினோ அம்மையார் 1910ஆம் ஆண்டில் படைத்த பீங்கான் சாடி, ‘வண்டுச் சாடி’ எனப் புகழ்பெற்றது. உருண்டையை உருட்டிச் செல்லும் சாணவண்டே அதன் மேனியெங்கும் பயிலும் அணி. சுடுமுன், உலர்ந்த மண்ணில், ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் அவர் செதுக்கினார். முதற்சூளையில் அடிப்பகுதி வெடித்தது. அவர் மனந்தளரவில்லை, அரைத்த பீங்கானால் விரிசலை அடைத்து, மீண்டும் மெருகிட்டுச் சுட்டார். 1911இல் டூரின் கண்காட்சியில் அது பெரும்பரிசு பெற்றது.

அணி மிகுந்து வடிவை மறைக்கின்றதோ எனச் சிலர் ஐயுறலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ‘உழைப்பாளியின் உயர்வு’ என்பது இப்படைப்பின் மறுபெயர். ஓயாத வண்டைச் செதுக்கியதும் ஓயாத கையே. ஆதலின் இங்கே அணி வெறும் ஒப்பனையன்று; அதுவே பொருள். வெடித்த மண்ணையும் கைவிடாத உழைப்பே இச்சாடியின் அழகு என்போம்.