சுரண்டியபின் சாட்சி இல்லை

டட்சன் 240 இசட் காரின் பின்பக்கத் தூணில், பக்கக் கண்ணாடியை ஒட்டி, ஒரு சின்னம் இருக்கும். ‘240 இசட்’ என்று எண்ணோடு இருந்தால் முந்தைய வண்டி. வட்டத்துக்குள் ‘இசட்’ என்ற ஒற்றை எழுத்தும், அதைச் சுற்றிக் காற்றுப் போகும் துளைகளும் இருந்தால் 1971 தொடக்கத்திலோ அதற்குப் பிறகோ வந்த வண்டி. முந்தையதில் அந்தத் துளைகள் பின்கதவில் இருந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் இந்த வேறுபாட்டுக்காக, பழைய வண்டியைப் புதுப்பிக்கும்போது பின்கதவையே தேடி வாங்கிப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பைத்தியத்துக்குள் நல்ல அறிவும் இருக்கிறது, சிக்கலே அங்குதான்.

1969 அக்டோபரில் ஜப்பானில் ‘ஃபேர்லேடி இசட்’ என்ற பெயரில் அறிமுகமான கார் இது. டட்சன் என்ற பெயரில் கார் விற்ற நிஸானை அமெரிக்காவில் நடத்திய யுடாகா கடயாமா, அந்தப் பெயரோடு இதை விற்க முடியாது என்று 240 இசட் ஆக்கினார். ஆறு சிலிண்டர், 2.4 லிட்டர் இன்ஜின், விலை 3,526 டாலர். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முடியாதவர்கள் வாங்கி, ஓட்டித் தீர்த்தார்கள். தகடு மெல்லியது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் தளமும் பேட்டரித் தட்டும் அரித்துப் போயின. மலிவான காருக்கு யாரும் ஜாதகம் எழுதி வைப்பதில்லை. பல வண்டிகள் எந்தக் குறிப்பும் மிஞ்சாமல் காயலான் கடைக்குப் போயின.

மிஞ்சியவற்றை வைத்து வரலாற்றைத் திரட்டியவர்கள் ஆர்வலர்கள்தான். கதவு நிலையில் உள்ள தகட்டில் தயாரித்த மாதம், இன்ஜினுக்குப் பின்னுள்ள தடுப்பில் பொறித்த சேசிஸ் எண், சிலிண்டர் ஹெட்டில் இ31 அல்லது இ88 என்ற வார்ப்புக் குறி ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் எது எப்போது மாறியது என்று கண்டுபிடித்தார்கள். இதன் பயன் சின்னதல்ல. ஜப்பானில் மட்டும் விற்ற இசட்432 என்ற வகையில் சுமார் 420 வண்டிகளே உருவாயின. சிலிண்டருக்கு நான்கு வால்வு, மூன்று கார்புரேட்டர், இரண்டு கேம்ஷாஃப்ட் என்பதே பெயரின் பொருள். சாதாரண வண்டியில் அந்த இன்ஜினை ஏற்றி விற்க நினைப்பவரை, பிஎஸ்30 என்று தொடங்காத சேசிஸ் எண் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் இந்த அறிவு சட்டப் புத்தகமாக மாறும்போது தடம் புரள்கிறது. முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று இன்று சொல்வதெல்லாம் ஆர்வலர்கள் வைத்த பெயர்கள். நிஸானின் உதிரிபாகப் பட்டியல் இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை என்றுதான் பேசும். ஓடிக்கொண்டிருக்கும் தொழிற்சாலையில் பழைய பெட்டி தீரும்வரை பழைய பாகம்தான் மாட்டுவார்கள். அந்தக் கலவையை ஒழுங்கான வரிசையாக்கி, வரிசைக்குப் பொருந்தாத வண்டிக்குக் கண்காட்சிப் போட்டியில் மதிப்பெண் குறைப்பது, நடந்ததைவிட நேர்த்தியான ஒரு கடந்த காலத்தைத் தயாரிப்பதாகும்.

இதில் வேடிக்கையும் உண்டு. தொடக்க வண்டிகளில் டிஃபரென்ஷியல் சற்று முன்தள்ளி இருந்ததால், சக்கரத்துக்குச் செல்லும் தண்டுகள் கோணலாகச் சுழன்றன. 1971 நடுவில் நிஸானே அதை 35 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தியது. விவரம் தெரிந்த உரிமையாளர்கள் தம் பழைய வண்டியிலும் அதைச் செய்துகொண்டார்கள். இன்று சிலர் அந்தத் திருத்தத்தைக் கழற்றிவிட்டுக் கோணலை மீட்கிறார்கள். 1973இல் புகைக் கட்டுப்பாட்டுக்காகத் தட்டைத் தலை கார்புரேட்டர்கள் வந்தன. சூடான இன்ஜினை மறுபடி கிளப்பினால் அடம்பிடித்தன. ஓட்டியவர்கள் தூக்கி எறிந்துவிட்டு முந்தைய உருண்டைத் தலையை மாட்டினார்கள். எறிந்த அதே பொருளை இப்போது ‘ஒரிஜினல்’ என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் நிற்கப்போகும் வண்டிக்கு இது சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து ஓட்டப்போகும் வண்டிக்கு, சொந்தச் செலவில் வாங்கிய வினை.

இவற்றையெல்லாம்கூட மன்னிக்கலாம். என் முதன்மையான குறை வேறு. போல்ட்டின் பூச்சு எந்தச் சாயலில் இருந்தது, பெயின்ட் எந்த மூலைவரை தெறித்திருந்தது, அடிப்பூச்சு எங்கே நின்றது என்பதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? யாரும் கைவைக்காத வண்டிகளைப் பார்த்துத்தான். அந்த அறிவை வைத்துக்கொண்டு அடுத்த வண்டியை மணல் பீய்ச்சி வெறும் தகடாக்கும்போது, அறிவு வந்த ஊற்றே ஒன்று குறைகிறது. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிக்கும் பதிப்பாசிரியர், அச்சேறியதும் சுவடியைக் கொளுத்துவதில்லை. இங்கே பதிப்பு வெளிவர வேண்டுமென்றால் சுவடியைச் சுரண்டியாக வேண்டும். பிறகு அந்தப் பளபளப்பான வண்டியைப் பார்த்து இன்னொருவர் தம் வண்டியைச் செய்கிறார். பிரதியின் பிரதி, முதல் பிழை இப்போது ஆதாரம்.

1990களின் பிற்பகுதியில் நிஸானின் அமெரிக்கக் கிளையே பழைய 240 இசட்களை வாங்கிப் புதுப்பித்து, ஏறத்தாழ 25,000 டாலருக்குத் தன் ஷோரூம்களில் விற்றது. ஐம்பதைக்கூடத் தொடாமல் திட்டம் நின்றது. இன்று அந்த வண்டிகளையே தனி வகையாகப் பட்டியலிட்டுத் தேடுகிறார்கள். புதுப்பித்ததே ஒரு பாடபேதமாகிவிட்டது!

தளம் முழுக்க அரித்த வண்டியைத் தொடாதே என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு டிங்கரிங் உயிர்ப்பிச்சை. என் வாதம் பாதி நல்ல வண்டிகளைப் பற்றியது. நரைத்த பெயின்ட்டும் வெடித்த டாஷ்போர்டும் உள்ள, ஆனால் நன்றாக ஓடும் வண்டிகள்தான் அதிகம் அழிகின்றன. சந்தைகூடத் தாமதமாக விழித்துக்கொண்டிருக்கிறது. 2020 ஜனவரியில் இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போன 1971ஆம் ஆண்டு 240 இசட், பழுதில்லாமல் புதுப்பித்த வண்டி அல்ல, புதுப்பிக்கவே படாதது. இத்தனைக்கும் அது 21,000 மைலுக்கு மேல் ஓடியிருந்தது.

1971 கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் எட்கர் ஹெர்மன் ஓட்டி வென்ற 240 இசட், ஜப்பானில் ஸாமாவில் உள்ள நிஸானின் காப்பகத்தில் இருக்கிறது. 2013இல் நிறுவனத்தின் ஊழியர்கள் கூடி அதை மறுபடி ஓட வைத்தார்கள். வெளித்தகட்டில் ராலி விட்டுச்சென்ற நசுங்கல்களை நிமிர்த்தவில்லை. ஒரு நல்ல டிங்கருக்கு அது ஒரு வார வேலை.