சட்டத்துக்குள் ஓநாய்

2009இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் பி.பி.சி. வைல்ட்லைஃப் பத்திரிகையும் நடத்திய புகைப்படப் போட்டியில் முதற்பரிசு ஸ்பெயின்காரர் ஹோசே லூயிஸ் ரோத்ரிகேஸுக்கு. இருட்டில் கிராதிக் கதவைத் தாண்டும் ஓநாய். ரத்தமில்லாமல் வேட்டையைக் காட்டவேண்டும் என்பது அவர் எண்ணம். அதை முதலில் காகிதத்தில் வரைந்தும் பார்த்திருக்கிறார். 2010 ஜனவரியில் பரிசு பறிபோயிற்று. ஓநாய் பழக்கப்பட்டதாகவே இருக்கவேண்டும் என்றனர் நடுவர்கள், அவர் மறுத்தார்.

அந்த வழக்கில் எனக்கு அக்கறையில்லை. காட்டு ஓநாய் என்றே வைத்துக்கொள்வோம். கிராதி இடுக்கில் நுழைந்து போகக்கூடிய பிராணி ஏன் தாவவேண்டும் என்று அப்போது கேட்டார்கள். விலங்கியல் கேள்வி போலிருந்தாலும் விமர்சனக் கேள்வி இதுதான். தாவல் ஓநாயின் தேவையல்ல, படத்தின் தேவை. எண்ணத்துக்கும் படத்துக்கும் நடுவே உலகம் குறுக்கிடவே இல்லை. (முதல் தடவையிலேயே பைசா பிசகாமல் டாலியாகும் பேரேட்டை வங்கியில் நாங்கள் மறுபடி கூட்டிப் பார்ப்போம்.) போட்டிக்கென்று எழுதப்படும் நம் சிறுகதைகளிலும் இதே ஓநாய்தான்: முடிவை முதலில் வைத்துக்கொண்டு, பாத்திரத்தைக் கதவருகே நிறுத்தி, தாவு என்கிறார்கள்.

1932இல் பாரிஸில் சேன்-லஸார் நிலையத்துக்குப் பின்னால், பலகை இடுக்கில் காமிராவை நுழைத்து கார்த்தியே-பிரஸோன் எடுத்ததும் ஒரு தாவல்தான். தேங்கிய நீரைத் தாண்டுகிறான் ஒருவன். பின்னால் சுவரொட்டியில் ஒரு நடனக்காரி தானும் தாவுகிறாள். அவளை யாரும் வரைந்து வைத்திருக்கவில்லை. ஓரத்தை மறைத்த பலகையை அவர் பிற்பாடு வெட்டிவிட்டார். அதை மட்டும் நான் குறையாகச் சொல்லமாட்டேன்.