வாளும் பாடபேதமும்

'சஞ்சூரோ' படத்தின் கடைசிக் காட்சியை நான் முதலில் பார்த்தது எங்கள் ஊர் வடகரையில். 2000-ஆம் ஆண்டையொட்டிய ஒரு சாரல் ராத்திரி, வாடகைக்கு எடுத்துவந்த சிடி பிளேயர், பதினான்கு அங்குல டிவி. இரண்டு வாள்வீரர்கள் மூச்சுக்காற்று படும் தூரத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். பேச வேண்டியதைப் பேசி முடித்தாயிற்று. இசை இல்லை. கை அசையவில்லை, கண் இமைக்கவில்லை. பத்து விநாடி போயிற்று, இருபது விநாடி போயிற்று.

"சிடி ஸ்டக் ஆயிட்டு போல அண்ணாச்சி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஒருவன் எழுந்துபோய்ப் பிளேயரின் தலையில் இரண்டு தட்டு தட்டினான். கையை எடுப்பதற்குள் ஒரே உருவல், ஒரே வெட்டு. எதிரியாக நடித்த நகாடாயின் நெஞ்சிலிருந்து ரத்தம் குற்றாலத்து அருவிபோலப் பீய்ச்சியது. தட்டியவன் தன்னால்தான் இது நடந்தது என்பதுபோலப் பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டான்.

இந்த மலருக்குச் சாமுராய் படங்களைப் பற்றி எழுதச் சொன்னபோது அந்தத் தட்டுதான் முதலில் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்துத் தியேட்டர்களில் இந்தப் படங்களை நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு 'சஞ்சூரோ'வை எடுத்த குரோசாவா என்றால் கேசட், பிறகு சிடி, பிறகு டிவிடி. ஏட்டுச்சுவடியைக் கண்ணால் பார்க்காமல் அச்சுப் புத்தகத்தில் சிலப்பதிகாரம் படித்தவர்களின் நிலைதான் இது. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வியும் அதேதான்: பதிப்பு யாருடையது, எவ்வளவு நம்பலாம்?

பதிப்பில் இரண்டு கட்சி உண்டு என்பது நமக்குத் தெரியும். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சா. கிடைத்த ஏட்டையெல்லாம் ஒப்பிட்டார். பாடபேதத்தைக் காட்டினார், தன் ரசனைக்குப் பிடிக்காததைத் தூக்கி எறியவில்லை. இங்கே குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. வேறு கட்சி. கம்பன் இப்படி எழுதியிருக்க மாட்டான் என்று அவர் காதுக்குப் பட்டால் அந்தப் பாட்டு 'கம்பர் தரும் ராமாயண'த்தில் இருக்காது. டி.கே.சி. காலமானது 1954 பிப்ரவரியில். அந்த ஏப்ரலில் ஜப்பானில் 'ஏழு சாமுராய்' வெளியானது, 207 நிமிஷம். அந்தப் படத்துக்கும் இரண்டு கட்சிக்காரர்களும் உடனே கிடைத்துவிட்டார்கள். வெளிநாடுகளுக்குப் போன பிரதியில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வெட்டப்பட்டிருந்தது. ஆனால் டி.கே.சி. வெட்டியது ரசனையால். படத்தை வெட்டியவர்கள் நாளைக்கு எத்தனை காட்சி ஓட்டலாம் என்று கணக்குப் பார்த்தவர்கள்.

பதிப்புக்கு முன்னால் மரபைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சரித்திரக் காலத்துப் படங்களுக்கு ஜப்பானியர் 'ஜிடாய்கெகி' என்பார்கள். அதில் வாள்சண்டைக்காகவே எடுத்தவை 'சாம்பாரா'. சாண் சாண், பரா பரா என்று வாள் மோதும் சத்தத்திலிருந்து வந்த பெயர். நாம் 'டிஷ்யூம் டிஷ்யூம் படம்' என்பதுபோல. பேசாப்பட காலத்திலேயே மரபு வலுவாகிவிட்டது. 1925-இல் வந்த 'ஒரோச்சி'யில் பாண்டோ சுமசாபுரோ ஊரே சூழ்ந்து நிற்கத் தனியாளாக வாள் வீசும் முடிவை இன்றும் பார்க்கலாம். திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுத்துக் கதை சொல்ல 'பென்ஷி' என்றொருவர் இருந்தார். நம் ஊர்க் கொட்டகைகளிலும் பேசாப்படத்துக்குக் கதை சொல்லிகள் இருந்தார்கள். நம்மிடம் அந்தக் குரல் போயே போய்விட்டது. ஜப்பானில் சவாட்டோ மிடோரி போன்றவர்கள் அந்தக் கலையைக் கற்று இன்றும் சொல்கிறார்கள், டிஸ்க்கிலும் பதிந்திருக்கிறார்கள்.

போர் முடிந்து அமெரிக்க ஆட்சி வந்ததும் வாள் படங்களுக்குத் தடை. எஜமானனுக்காக உயிர் கொடுப்பதைக் கொண்டாடும் படம் வேண்டாம் என்றார்கள். 1952-இல் அவர்கள் போனதும் அடைத்த மடையைத் திறந்ததுபோல ஆயிற்று. ஒவ்வொரு ஸ்டூடியோவும் இந்துஸ்தானி சங்கீதத்தின் கரானா மாதிரி ஒரு தனிப் பள்ளி. டோயெய் படங்கள் பளபளப்பு: உடை கசங்காது, நாயகன் முடி கலையாது, தீயவன் தப்ப மாட்டான். நம் எம்.ஜி.ஆர். ரசிகர்களைக் கூட்டிப்போய் உட்காரவைத்தால் ஒரு வசனம் புரியாமலே விசில் அடிப்பார்கள். டையெய் ஸ்டூடியோவில் ரெய்சோ இச்சிகாவாவும் ஷின்டாரோ கட்சுவும். கட்சு நடித்த ஜடோய்ச்சி கண் தெரியாதவன். உடம்பு பிடித்துவிட்டுப் பிழைப்பவன், சூதாடி, கைத்தடிக்குள் வாள் வைத்திருப்பவன். 1962-இல் தொடங்கி 1973-க்குள் 25 படம், 1989-இல் இன்னொன்று. வாளைத் தலைகீழாகப் பிடிப்பான். காது மட்டும் ஒரு பக்கமாகச் சாயும். அது சாய்ந்துவிட்டால் அறையில் யாரோ சாகப்போகிறார்கள் என்று அர்த்தம். இருபத்தைந்தும் ஒரே கதைதான் என்பவர்களிடம் நான் சண்டை போட மாட்டேன். தெருக்கூத்தும் ஒரே கதைதான்.

தோஹோவில் குரோசாவாவும் தோஷிரோ மிஃபூனேயும். அங்கே சாமுராய்க்குப் பசிக்கும், அரிக்கும். தோளைக் குலுக்கிக்கொண்டு நடப்பான். ஷோச்சிக்கு குடும்பப் படங்களுக்குப் பேர்போன இடம். ஆனால் மசாகி கோபயாஷி 1962-இல் 'ஹராகிரி'யை எடுத்தது அங்கேதான். பிழைக்க வழியில்லாத முன்னாள் சாமுராய் ஒருவன் பெரிய குலத்து வாசலில் வந்து, உங்கள் முற்றத்தில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கௌரவமாகச் சாக அனுமதி தாருங்கள் என்கிறான். முன்பு இதே வாசலுக்கு இப்படி வந்த ஓர் இளைஞனை அவர்கள் விடவில்லை. வறுமையில் வாளை விற்றுவிட்டு உறையில் மூங்கில் பட்டையைச் செருகி வந்திருந்தான் அவன். அந்த மூங்கிலாலேயே கிழித்துக்கொள்ள வைத்தார்கள். அந்தக் காட்சியை நான் மூன்று தடவைதான் முழுதாகப் பார்த்திருக்கிறேன். கடைசியில் அந்தக் குலத்து நாளேட்டில், நடந்தது எதுவும் நடக்காததுபோல எழுதி மூடிவிடுகிறார்கள். பாடபேதத்தைப் பற்றி இதைவிடக் கசப்பான படம் எனக்குத் தெரியாது. 1963-இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு இதற்குக் கிடைத்தது. ஹிடேயோ கோஷா, கிஹாச்சி ஒகமோட்டோ எல்லாரும் இந்தக் கசப்பின் வழி வந்தவர்கள். ஒகமோட்டோவின் 1966 படமான 'வாளின் சாபம்' வீசிய வாள் அந்தரத்தில் நிற்க உறைந்து முடியும். தட்ட ஆள் தேவைப்படும் இன்னொரு படம் அது.

எந்தப் பள்ளியானாலும் நான் பார்ப்பது வெட்டுக்கு முந்தின நிற்பைத்தான். சிலம்ப வாத்தியார்கள் வீச்சைக் கற்றுத்தருவதற்கு முன் காலைப் பார்ப்பார்கள். நிலை சரியில்லாதவன் கம்பைத் தொட வேண்டாம் என்பார்கள். நல்ல சாமுராய் படத்தில் நிலைதான் படம்; வெட்டு அதற்கு முற்றுப்புள்ளி. மோசமான வீடியோ பதிப்பு முதலில் கைவைப்பதும் இந்த நிலையில்தான்.

எப்படி என்று சொல்கிறேன். 1958-இன் 'மறைந்த கோட்டை'யிலிருந்து குரோசாவா அகலத்திரைக்குப் போனார். 'யோஜிம்போ'வில் தெருவின் இந்தக் கோடியில் ஒருவன், அந்தக் கோடியில் ஒருவன். நடுவில் புழுதி, அவ்வளவுதான் சட்டகம். பழைய டிவி சதுரத்துக்குத் தக்கபடி இதை வெட்டினால் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போய்விடும். கேசட் காலத்தில் நான் பார்த்த 'யோஜிம்போ' அப்படித்தான். எதிரி யாரென்றே தெரியாமல் மிஃபூனே வெறும் புழுதியை முறைத்துக்கொண்டிருந்தார். பைத்தியக்காரன் வேஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது வேகம். சினிமா விநாடிக்கு 24 சட்டகம். நமக்கும் பிரிட்டனுக்கும் பொதுவான பால் (PAL) முறையில் டிவி 25. பழைய டிவிடிகளில் படத்தை அப்படியே வேகமாக ஓட்டிவிடுவார்கள். 207 நிமிஷம் 199 ஆகிவிடும். ஒரு காட்சியும் குறையாது, ஆனால் அரை நிமிஷ நிற்பில் ஒரு விநாடிக்கு மேல் களவு போயிருக்கும். 'ஏழு சாமுராய்'யில் எழுவரில் ஒருவனான க்யூசோ முதலில் கோலால் பயிற்சிச் சண்டை போடுவான். இதே நிஜ வாளாக இருந்தால் நீ செத்திருப்பாய் என்பான். எதிராளி கேட்கமாட்டான். நிஜ வாளோடு மறுபடி நிற்பார்கள். எதிராளி கனவில் விழுவதுபோல மெல்ல விழுவான். அந்த மெதுவில் திருடுவது செய்யுளில் சீரைத் திருடுவது மாதிரி. புளூரே வந்த பிறகு 24-க்கு 24 கிடைக்கிறது.

உரையைச் சொல்லாமல் பதிப்பைச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 1984-இல் லேசர் டிஸ்க்கில் 'கிங்காங்'கை வெளியிட்டபோதுதான் படம் ஓடும்போதே ஓர் அறிஞர் கூடவே பேசிவரும் வழக்கம் தொடங்கியது. அவர்கள் டிவிடிக்கு வந்ததும் வரிசையில் இரண்டாம் எண் 'ஏழு சாமுராய்'க்கு, 1998-இல். அதில் மைக்கேல் ஜெக் ஒருவரின் உரை. 2006-இல் மூன்று டிஸ்க்காக மறுபதிப்பு போட்டபோது டொனால்ட் ரிச்சி உள்ளிட்ட ஐந்து பேர் பங்குபோட்டுப் பேசினார்கள். திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்ட நமக்கு ஐவர் உரை புதிதில்லை. ஜெக்கின் உரையில் பரிமேலழகர் வாடை அடிக்கும், விட்டுக்கொடுக்கவே மாட்டார். 2010-இல் புளூரே, 2024-இல் 4கே என்று பதிப்பு நீள்கிறது.

அரும்பதவுரைக்கு அனிமெய்கோ என்ற சிறிய நிறுவனத்தைத்தான் சொல்வேன். சப்டைட்டிலுக்கு ஒரு நிறம், திரையின் மேலே இன்னொரு நிறத்தில் குறிப்பு: இந்த நாணயத்துக்கு என்ன மதிப்பு, இந்தப் பதவி யாருக்கு உரியது. படிப்பதற்குள் தலை உருண்டுவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் 'ஆண்டவரே' என்று ஒரே சொல்லில் எல்லா மரியாதையையும் மூட்டை கட்டிவிடும் சப்டைட்டிலைவிட இது மேல். அண்ணாச்சிக்கும் ஐயாவுக்கும் வித்தியாசம் தெரிந்த ஊரில் உட்கார்ந்து பார்க்கிறோமே.

நிறத்துக்கு ஒரு உதாரணம் போதும். கினுகாசாவின் 1953 படமான 'நரக வாசல்' ஈஸ்ட்மன்கலரில் எடுத்தது. கானில் முதல் பரிசு வாங்கியதே அந்த வண்ணத்தால்தான் என்பார்கள். ஈஸ்ட்மன்கலரின் சாபம் சாயம் வெளுப்பது. ஜப்பானின் தேசியத் திரைப்பட மையமும் கடோகாவா நிறுவனமும் 2011-இல் அதை மீட்டெடுத்தன. அதன்பிறகு வந்த டிஸ்க்கில் பட்டுப்புடவைக் கடைக்குள் நுழைந்ததுபோல இருக்கிறது.

இவ்வளவும் வடகரைக்கு வந்துசேர்ந்த வழி வேறு. டிவிடியில் இந்தியா 5-ஆம் மண்டலம், அமெரிக்கா 1, ஜப்பானும் பிரிட்டனும் 2. வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பிள்ளை பாசமாக வாங்கிவந்த டிஸ்க் நம் பிளேயரில் ஓடாது. ரிமோட்டில் ஒரு ரகசிய எண்ணை அமுக்கிப் பூட்டைத் திறக்கத் தெரிந்தவனுக்கு அன்றைக்குத் தெருவில் மருத்துவருக்குரிய மரியாதை. மற்றவர்களுக்குச் சென்னை பர்மா பஜார். பஜார் டிஸ்க்கில் அட்டை கிரைட்டீரியன், உள்ளே வேறு ஏதோ. ஒருமுறை ஜடோய்ச்சி அட்டைக்குள்ளிருந்து ஒரு ஹாங்காங் பேய்ப்படம் வந்தது. நன்றாகவே இருந்தது.

கேசட்டுக்கு எங்கள் ஊர்ச் சாரல்தான் எமன். அடவிநயினார் அணைப் பக்கமிருந்து காற்று இறங்கினால் ஆனி, ஆடி முழுக்க வீட்டுக்குள் ஈரம். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். அரிசிப் பானைக்குள் கேசட் வைத்துக் காப்பாற்றிய வீடு எங்களுடையது.

நம் வாள் படங்களை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. 1948-இன் 'சந்திரலேகா'வில் ரஞ்சனும் எம்.கே. ராதாவும் போடும் கடைசி வாள்சண்டை எந்த ஊர்ச் சண்டைக்கும் சளைத்ததில்லை. 'நாடோடி மன்னன்' பிற்பகுதியில் வண்ணத்துக்கு மாறும் இடம் இன்றும் சிலிர்ப்புத்தான். நம் மரபில் வெட்டுக்கு முன் நிற்பதில்லை, பேசுவோம்; வில்லன் வீரப்பா சிரிப்பார். அது நம் பள்ளி, குறையில்லை. குறை பதிப்பில். இரண்டு, மூன்று விசிடியாகப் பிரித்து, பாட்டின் நடுவே டிஸ்க் மாற்ற வைத்து, வாள் வீசும் மூலையில் கம்பெனி முத்திரையைச் சுழலவிட்டவர்கள்தான் நமக்கு வாய்த்த பதிப்பாசிரியர்கள். 2007-இல் மோசர் பேர் நிறுவனம் வந்து விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்றபோது பெட்டிக்கடைக்கே பழைய படம் வந்தது. பெரிய காரியம். ஆனால் மலிவும் செம்மையும் வேறு வேறு. 'கர்ணன்' 2012-இலும் 'ஆயிரத்தில் ஒருவன்' 2014-இலும் டிஜிட்டலாகித் தியேட்டரில் கூட்டம் கூட்டின. உரையோடு, பாடபேதத்தோடு அவற்றுக்கு ஒரு டிஸ்க் இன்னும் என் கைக்கு வரவில்லை.

'ஏழு சாமுராய்' வந்த அதே 1954-இல், குரோசாவாவின் 'ராஷோமான்' பார்த்த பாதிப்பில் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தார். ஒரே கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லும் கட்டுமானத்தை எடுத்துக்கொண்டு வாளை ஜப்பானிலேயே விட்டுவிட்டார். பாட்டையும் சேர்த்து விட்டார். அவரையும் டி.கே.சி. கட்சியில் சேர்க்கலாமா என்று எனக்கு ஒரு யோசனை உண்டு.

இப்போதும் வருஷத்துக்கு ஒரு முறை, சாரல் தொடங்கியதும், 'ஏழு சாமுராய்' போடுகிறோம். பிளேயரைத் தட்டியவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது; அவன்தான் ரிமோட்டை வைத்துக்கொள்கிறான். முழுப் பதிப்பில் குரோசாவா வைத்த இடைவேளை அப்படியே இருக்கிறது. ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டை, பின்னால் இசை, சில நிமிஷம். ஓட்டித் தள்ளிவிடலாம், அவன் விடமாட்டான். இசை ஓடிக்கொண்டிருக்க எல்லாரும் எழுந்து தெருமுனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வருகிறோம்.