டெலிபதியும் யோகக்காட்சியும்

சேய்மையிலுள்ள ஒருவர் கருத்தை ஐம்பொறிகளின் உதவியின்றி மற்றொருவர் அறிதலை மேனாட்டார் ‘டெலிபதி’ என்பர். இதனை ‘யோகக்காட்சி’ எனத் தமிழ்ப்படுத்துவாரும் உளர். அது பொருந்துமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

‘டெலிபதி’ பண்டைச் சொல் அன்று. 1882-ஆம் ஆண்டில் இலண்டனில் உளவாராய்ச்சிக் கழகம் தோன்றியபோது, அதனைத் தோற்றுவித்தாருள் ஒருவராகிய பிரெடரிக் மயர்ஸ் அவ்வாண்டிலேயே ஆக்கியது. கிரேக்க மொழியில் ‘டெலி’ என்பது சேய்மை. ‘பதோஸ்’ என்பது ஒருவர்க்கு வந்துறும் நுகர்ச்சி. எனவே, சேய்மையினின்று வந்துறும் உணர்வு என்பதே அதன் சொற்பொருளாம்.

யோகக்காட்சியோ, அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் அளவையியலுள், வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி என்பவற்றோடு வைத்து ஓதியது. சமாதியால் மலசத்தியை மெலிவித்து, இடத்தானும் காலத்தானும் அகன்ற பொருள்களை இருந்தவாறே உணர்தல் அதன் இலக்கணம். மலம் மெலிதல் என்னும் ஏது டெலிபதிக்கு வேண்டப்படுவதில்லை. மேலும், அது பிறர் உள்ளத்து நிகழ்வதனை ஏற்கும் அளவினதேயன்றி, எல்லாப் பொருளையும் தழுவுவதன்று.

அற்றேல், ஏது வேறாயினும் அறிதல் ஒன்றாகலின் பெயரும் ஒன்றாகுக எனின், அதுவும் பொருந்தாது. காட்சியாவது ஐயமும் திரிபும் நீங்கிய உணர்வு. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்து ஜே. பி. ரைன் என்பார் 1930-களில் நடத்திய சோதனைகளில், ஐந்து குறிகள் குறிக்கு ஐந்தாகப் பொறித்த 25 சீட்டுகள் வழங்கின. வாளா ஊகிப்பாரும் சராசரி 5 சீட்டுகளைச் சரியாகக் கூறுதல் கூடும். அதனின் மிக்க எண் பலகாலும் வரின் அதுவே சான்றெனக் கொள்ளப்பட்டது. ஆயின், ஒரு விடை அறிவால் வந்ததோ தற்செயலால் வந்ததோ என்பதை அக்கணக்கு துணிந்து கூறமாட்டாது. இங்ஙனம் கணக்கிட்டுப் பின்னர்த் துணியப்படுவது கருதலளவையின்பாற் படும், காட்சியாகாது.

இப்பெயர் மயக்கத்தால் வருங் கேடு சிறிதன்று. அச்சோதனைகளை அறிவியலாளருட் பெரும்பாலார் இன்றும் ஏற்றிலர். சீட்டுக் கணக்கு நின்றால் சித்தாந்தம் நிற்கும், வீழ்ந்தால் வீழும் என்னும் எண்ணம் இம்மொழிபெயர்ப்பால் கற்பார் உள்ளத்துப் புகும். அளவை நூலாகிய மலையை நாணற்கோலால் தாங்க முயல்வது போலும் அது.

அன்றியும், சேய்மைப் பொருளை அறிதலே சிறப்பாயின், வானிற் பறக்கும் பருந்தும் அச்சிறப்புடையதாம். யோகியின் பெருமை தொலைவினைக் கண்டதனால் அன்று. மறைத்து நின்ற மலம் மெலிந்தமையால் ஆயது. அந்நிலையும் வீடுபேறு அன்று. உயிர்க்குயிராய் அணுக நிற்கும் முதல்வனைப் பதிஞானத்தால் உணர்தலே முடிந்த பயன்.

ஆகலின், டெலிபதியைத் ‘தொலையுணர்வு’ என்றலே அமையும். யோகக்காட்சி தன் பொருளோடு தன்னிடத்தே நிற்க.