கண்ணொளி இழந்தோர் இருவர்: மறையின் உட்பொருள் காணும் முறை

மறைநூற் செய்திகளை மனநிலைகளின் குறியீடுகளாகக் கொண்டு, அவற்றிலிருந்து உள்ளுறுதிக்கு வழி தேடும் வாசிப்பு இன்று பெருகி வருகிறது. கிணறு என்றால் சோர்வு, இருள் என்றால் அறியாமை, சட்டை என்றால் நம்பிக்கை எனப் பொருள் கூறிச் செல்வது அதன் போக்கு. வெளிப்பொருளோடு உட்பொருளையும் தேடுவது நம் மெய்ஞ்ஞானிகளின் தொன்மரபே. ஆயினும் அம்மரபுக்கு ஓர் எல்லை இருந்தது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ், மறைவு 1111) தம் ‘மிஷ்காத்துல் அன்வார்’ நூலில், நபி மூஸா (அலை) காலணிகளைக் கழற்றப் பணிக்கப்பட்டதை இம்மை மறுமை ஆகிய ஈருலகப் பற்றையும் களைதல் என விளக்குகிறார். அவரே, காலணிகள் கழற்றப்பட்டதும் மெய் என்று வற்புறுத்துகிறார். வெளிப்பொருளை மட்டும் பற்றுவோரும் உட்பொருளை மட்டும் பற்றுவோரும் குறையுடையோர். இரண்டையும் இணைப்பவரே நிறைவுடையோர் என்பது அவர் துணிபு.

இந்த எல்லையின் தேவையை உணர்த்த நம் மண்ணிலேயே ஓர் ஒப்புமை உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூர், சைவ சமயக் குரவர் நால்வருள் ஒருவரான சுந்தரர் பிறந்த ஊர். சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைத்த அவர், அதனை மீறித் திருவொற்றியூரை நீங்கியபோது கண்ணொளி இழந்தார் என்றும், இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் ஒளி பெற்றன என்றும் சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகிறது. திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயமோ, மகன் யூஸுஃபை (அலை) இழந்த நபி யஃகூபின் (அலை) கண்கள் துயரால் வெண்மை பூத்ததையும், மகனின் சட்டை முகத்தில் இடப்பட்டதும் பார்வை மீண்டதையும் உரைக்கிறது.

குறியீட்டை மட்டும் நாடுவார்க்கு இரண்டும் ஒன்றே: இருள் நீங்கி ஒளி பெறுதல். இருவரும் தம் துயரை இறைவனிடமே முறையிட்டனர் என்பது மெய்யான ஒற்றுமைதான். ஆனால் சுந்தரரின் இழப்பு சொல் தவறியதன் விளைவு. யஃகூப் நபியின் துயரோ பிறர் இழைத்த கொடுமையின் விளைவு. கிணற்றை உளச்சோர்வு என்று மட்டும் கொண்டால், அதில் யூஸுஃபைத் தள்ளிய கைகள் பார்வையிலிருந்து மறைந்துவிடும். அநீதிக்கு உள்ளானவரிடம், அவர் மனத்தைத் திருத்திக்கொண்டால் போதும் என்று சொல்வதிலேயே அவ்வாசிப்பு போய் முடியும்.

திருமறை காட்டும் உறுதி வேறு. பொய்க்குருதி தோய்ந்த சட்டையைக் கண்ட தந்தை அழகிய பொறுமையை மேற்கொள்கிறார். ஆயினும் புதல்வர் புனைந்த கதையை ஏற்கவில்லை (12:18). பார்வை போகுமளவு வருந்துகிறார் (12:84). வருத்தத்தை அல்லாஹ்விடமே முறையிடுகிறார் (12:86). அடுத்த வசனத்திலேயே, இறையருளில் நம்பிக்கை இழவாது யூஸுஃபையும் அவர் சகோதரரையும் தேடிச் செல்லுமாறு மக்களைப் பணிக்கிறார். கண்ணீரும் பொறுமையும் அவரிடம் ஒருங்கே இருந்தன. பொய்க்கு உடன்படாமையும் தேடலைக் கைவிடாமையும் அப்பொறுமையின் கூறுகள்.

அந்த அத்தியாயத்தில் சட்டை மூன்று முறை வருகிறது. முதலில் பொய்ச்சான்று, பின்புறம் கிழிந்தபோது யூஸுஃபின் தூய்மைக்குச் சான்று, இறுதியில் அவர் உயிருடன் இருக்கும் நற்செய்தி. தந்தை தொட்டு உணர்ந்த சட்டையாக அது இருப்பதாலேயே நம் உள்ளத்துக்கும் ஆறுதலாகிறது. உட்பொருள் நாடுவோர் முதலில் அந்த முதியவரின் துயரை நடந்த துயராகவே வாசிக்க வேண்டும். உறுதி தரும் பாடம் அதிலிருந்தே பிறக்கிறது.