வாடகைக் குடியும் லயத்துக் குடியும்

வீட்டுரிமை குறித்து நம் நாட்டில் இயற்றப்பட்ட சட்டங்களுள் 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் 1973ஆம் ஆண்டின் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமும் தலையாயவை. முன்னது வாடகைக்கு வரம்பிட்டு, குடியிருப்போரை நினைத்தவுடன் வெளியேற்றும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்திற்று. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது வந்த பின்னது, ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கே எல்லை வகுத்தது. மிகுதி வீடுகளை அரசிடம் சேர்த்து, வாடகைக்கிருந்தோர் அவற்றை வாங்கவும் வழி செய்தது. இடதுசாரி இயக்கத்தின் சாதனைகளுள் இவற்றை நாம் பெருமையோடு எண்ணுகிறோம்.

பெருமை விமர்சனத்துக்குத் தடையாகலாகாது. இச்சட்டங்கள் யாரை வாடகைக் குடியெனக் கொண்டன? மாதந்தோறும் பணம் செலுத்துவோனையே. நகரத்தவனுக்குப் பற்றுச்சீட்டு என்பது பணம் செலுத்தியமைக்குச் சான்று. மலையகத் தொழிலாளிக்கோ அச்சொல் வேலைநீக்கப் பத்திரத்தைக் குறித்தது. அது கைக்கு வந்த நாளே காம்பராவும் கைவிட்டுப்போகும். அவன் வாடகையைத் தன் உழைப்பாலேயே செலுத்தினான். அதற்குச் சான்றுமில்லை, உரிமையுமில்லை.

1946இல் கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மியர் தோட்டத்தில் நடந்ததை நினைவுகூர்வோம். தலைமுறையாய் வாழ்ந்த குடும்பங்களுக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. மறுத்தோர்மீது அத்துமீறிக் குடியிருந்ததாகக் குற்றஞ் சாட்டப்பட்டது. தான் பிறந்த காம்பராவிலேயே ஒருவன் அத்துமீறியவனாகிறான்! தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் இதற்கு விடையிறுத்தனர்.

இருபத்தாறு ஆண்டுகளின் பின் வந்த வாடகைச் சட்டமும் அவ்விடையைச் செவிமடுக்கவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. லயமும் அரசின் சொத்தாயிற்று. 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர், காம்பராவில் வாழ்ந்தவன் உரிமையாளனாகவில்லை. நகரக் குடியிருப்போனுக்கு 1973இல் திறந்த வாயில் அவனுக்குத் திறக்கவில்லை.

சட்டம் எழுதியோர் காணாததை இலக்கியம் கண்டது. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டார். லயத்தில் காம்பரா பெற்ற ஒருவனை வீடற்றவன் என்றழைக்கலாமெனின், கூரை வேறு, வீடு வேறு என்பதே பொருள். வெளியேற்ற இயலாத உரிமையே கூரையை வீடாக்குகிறது.

இனி இயற்றப்படும் வீடமைப்புச் சட்டம் எதனையும் நாம் இவ்வுரைகல்லிலேயே உரைத்துப் பார்க்க வேண்டும். கட்டப்படும் வீடுகளின் தொகையைக் கேட்பதோடு அமையாது, உறுதிப்பத்திரம் யார் பெயரில் எழுதப்படுகிறது என்றும் கேட்போம். வகுப்பறையிலும் சங்கக் கூட்டத்திலும் ஆசிரியரும் மாணவரும் எழுப்பவேண்டிய வினா இதுவே.