திண்ணையில் ஓடிய கூழாங்கல்

2022 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் நடந்த 26ஆவது கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' மூன்று விருதுகளை வாங்கியது. நடுவர்களின் சிறப்பு விருது, ஆசியப் படத்துக்கான நெட்பேக் விருது, அப்புறம் பார்வையாளர் விருது. முதல் இரண்டும் விஷயம் தெரிந்த சிலர் அறைக்குள் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது. மூன்றாவது, படம் பார்த்த கூட்டம் ஓட்டுப்போட்டுத் தருவது. குடிகாரத் தகப்பனும் மகனும் வெயிலில் வீடு திரும்புவதைத் தவிரக் கதையென்று சொல்ல அதிகம் இல்லாத 75 நிமிடத் தமிழ்ப் படத்துக்குக் கேரளத்துக் கூட்டம் ஓட்டுப்போட்டிருக்கிறது.

அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு காலையிலேயே வரிசையில் நிற்பவர்கள். கல்லூரிப் பிள்ளைகள், ரிட்டையர்டு வாத்தியார்கள், லீவு போட்டுவிட்டு வந்த அரசு ஊழியர்கள் என்று கலவையான ஜனம். காட்சி தாமதமானால் கூச்சல் போடுவார்கள். இடமில்லையென்றால் படிக்கட்டில் உட்கார்வார்கள். பிடித்த இயக்குநரின் பெயர் திரையில் வந்தாலே கைதட்டு விழும். படம் பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து அடுத்த தியேட்டருக்கு ஓடுவார்கள். ஒரே நாளில் நாலைந்து படம் பார்க்கிறவர்களுக்கு முகதாட்சண்யம் இருக்காது. அவர்களிடம் வாங்கிய ஓட்டு என்பதால்தான் என் கணக்கில் அந்த மூன்றாவது விருதுக்கு மதிப்பு அதிகம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 பிப்ரவரியில், இதே படம் ராட்டர்டாம் விழாவின் மிகப்பெரிய பரிசான டைகர் விருதை வாங்கியிருந்தது. பரிசுத் தொகை 40,000 யூரோ. ஆனால் கொரோனாவால் நெதர்லாந்தில் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்த நேரம் அது. ஜனங்கள் அவரவர் வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்துதான் விழாப் படங்களைப் பார்த்தார்கள். ஆகப்பெரிய கௌரவம் கிடைத்தபோது ஒரு இருமல் சத்தம்கூட அந்தப் படத்தின் காதில் விழவில்லை.

விழாக்களில் படம் முடிந்ததும் விழுகிற கைதட்டலை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இயக்குநரும் நடிகர்களும் அதே அரங்கில் எழுந்து நிற்கிறார்கள். தட்டாமல் யார் போவது? கான் விழாவில் இத்தனை நிமிடம் தட்டினார்கள் என்று கடிகாரம் வைத்து எழுதுவது இப்போது தனிச் செய்தியாகவே ஆகிவிட்டது. அதே கானில்தான் 1960இல் அந்தோணியோனியின் 'லாவென்ச்சுரா' ஓடியபோது அரங்கமே ஊளையிட்டது. கொட்டாவி விட்டார்கள், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தார்கள். மறுநாள் ரோசெலினி உள்ளிட்ட சினிமாக்காரர்களும் விமர்சகர்களும் படத்துக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டு அறிக்கை விட்டார்கள். கடைசியில் அதற்கு நடுவர் பரிசும் கிடைத்தது. ஊளையிட்டவர்கள் முட்டாள்கள் என்று சொல்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண் காணாமல் போகிறாள், தேடுகிறார்கள், பிறகு தேடுவதையே மறந்துபோகிறார்கள். இதைப் பார்த்த கூட்டத்துக்குக் கோபம் வந்ததென்றால் படம் சரியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எங்கள் பக்கம் விருத்தாசலத்தில், சூளையிலிருந்து இறக்கிய பீங்கானை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்ல சரக்கு, சொத்தென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே ஓடுகிறது என்று அர்த்தம். படத்துக்கு அந்தச் சுண்டல், நடுவில் எங்கெங்கே ஜனம் சத்தம் போடுகிறது என்பதுதான். எங்கே சிரிப்பு, எங்கே 'ச்சு', எங்கே செருமல், எங்கே பக்கத்து ஆளிடம் கிசுகிசுப்பு. கைதட்டலை ஒருவர் பார்த்து ஒருவர் தட்டிவிடலாம். 'ச்சு' கொட்டுவது அப்படி வராது.

'கூழாங்கல்' 2023 அக்டோபர் 27இல் சோனி லிவ்வில் வந்தது. அடுத்த தையில் ஒரு நாள் சாயங்காலம், திட்டக்குடியில் எங்கள் வீட்டு டிவியைத் திண்ணைக்குத் தூக்கி வந்து தெருவைப் பார்க்க வைத்தேன். பருத்தி எடுத்துவிட்டு வந்த இரண்டு பெண்கள், எதிர்வீட்டு ஆயா, லோடு வண்டி ஓட்டுகிற தம்பி ஒருவர், ஏழெட்டுப் பையன்கள். விழாக் காட்சி என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் முகதாட்சண்யம் இல்லாத விஷயத்தில் திருவனந்தபுரத்துக் கூட்டத்துக்கு இவர்கள் சளைத்தவர்கள் இல்லை.

கதை தெரியாதவர்களுக்கு: மதுரை மேலூர்ப் பக்கத்துக் கரட்டு நிலம். கணபதி பீடியும் சாராய வாடையுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தன் மகன் வேலுவை வெளியே இழுத்துக்கொண்டு, கோபித்துப் பிறந்த வீடு போய்விட்ட மனைவியைக் கூட்டிவரக் கிளம்புகிறான். அங்கே போனால் அவள் ஏற்கெனவே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மாமனார் வீட்டில் அடிதடி. திரும்பும்போது பஸ்ஸுக்கு வைத்திருந்த ரூபாயைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். 13 கிலோமீட்டர் நடைதான் மிச்சம். வினோத்ராஜின் சொந்த அக்காவே ஒரு நாள் கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் நடந்து பிறந்த வீடு வந்திருக்கிறார். படத்தின் விதை அதுதான். சிறு வயதில் மதுரைப் பூ மார்க்கெட்டில் கூலி வேலை, திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னையில் டிவிடி கடை என்று சுற்றிய ஆள் வினோத்ராஜ். அந்தக் கடையில்தான் உலகப் படங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறார்.

ரூபாயைக் கிழிக்கிற இடத்தில் பையன்கள் விசில் அடித்தார்கள். பருத்திக்காரப் பெண்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அய்யய்யோ" என்றார்கள். பிள்ளைகளுக்கு அது அப்பனுக்கு விழுந்த அடி. கூலிக்குப் போகிறவர்களுக்கு அது கிழிந்த காசு. ஒரே ஷாட். வினோத்ராஜ் அதற்கு இசை போட்டிருந்தாலோ பையனின் முகத்துக்குக் கிட்டே போய் 'இதுதான் வீரம்' என்று காட்டியிருந்தாலோ இரண்டில் ஒரு சத்தம்தான் கேட்டிருக்கும். படத்துக்கு இசை யுவன் சங்கர் ராஜா. அவ்வளவு பெரிய கையிருப்பை வைத்துக்கொண்டு அதில் ஒரு சிட்டிகைதான் செலவழித்திருக்கிறார்கள். அந்தக் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்கிறது.

வேலு உடைந்த கண்ணாடித் துண்டை வைத்து முன்னால் போகிற அப்பன் முதுகில் வெயிலைத் திருப்பி அடிக்கும் இடம் விமர்சகர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம். திண்ணையில் யாரும் அசையவில்லை. எனக்கும் அது கொஞ்சம் யோசித்துச் செய்ததாகவே படுகிறது. விழாவுக்கு எடுத்து வைத்த பலகாரம். அதேபோல, ஆளை எறும்பாக்கி நிலத்தைப் பிரம்மாண்டமாகக் காட்டும் அகன்ற காட்சிகள். விக்னேஷ் குமுளையும் ஜெயபார்த்திபனும் எடுத்த அந்தப் படங்களை வெளியூர்க்காரன் வாய் பிளந்து பார்ப்பான். வெலிங்டன் ஏரி வற்றிக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு வெறும் நிலத்தில் பார்க்க என்ன இருக்கிறது? அந்த இடங்களில்தான் பையன்கள் இடைவேளை எப்போது என்று கேட்டார்கள். லோடு வண்டித் தம்பி, "என்னாண்ணே, நடந்துக்கிட்டே இருக்கானுவ" என்று எழுந்து டீ குடிக்கப் போனவர், கடைசி வரை வரவில்லை.

எலி பிடிக்கும் குடும்பம் வருகிற காட்சி வேறு மாதிரி. வளைக்குள் புகை ஊதுகிறார்கள், எலி ஓடிவருகிறது, பிடித்துச் சுட்டுத் தின்கிறார்கள். பட்டணத்து அரங்கில் இந்த இடத்தில் நாற்காலிகள் லேசாகக் கிரீச்சிடும். இங்கே ஒரு பையன் 'உவ்வே' என்றான். ஆயா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, திரையைப் பார்த்து யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டது. "ந்தா, அந்தப் பக்கத்து வளய அடைக்கல பாரு, அதுல ஓடிப்பூடும்." பஞ்சத்தைக் காட்டுகிறார்கள் என்று நாம் உச்சுக்கொட்டுகிற இடத்தில் அது வேலையைப் பார்த்திருக்கிறது. வேலையில் குறையும் கண்டுபிடித்திருக்கிறது. கேமரா அந்தக் குடும்பத்தைப் பரிதாபத்தோடு பார்க்காமல், செய்கிற காரியத்தை முதலிலிருந்து முடிவு வரை வெட்டாமல் பார்ப்பதால்தான் ஆயாவுக்கு அதில் நுழைய இடம் கிடைத்தது.

தலைப்புக்குக் காரணமான கல்லை வேலு எடுத்து வாயில் போட்டு அடக்கிக்கொள்ளும்போது யாரும் விளக்கம் கேட்கவில்லை. தாகத்துக்கு எச்சில் ஊறும் என்பது வெயிலில் நடந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கல்லை, ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கிற கற்களோடு போடுகிறான் பாருங்கள், அங்கே பருத்திக்காரப் பெண்களில் ஒருவர் 'ச்சு' என்றார். அது என்னவொரு சிக்கனமான கணக்கு! இத்தனை கல் என்றால் இத்தனை நடை, இத்தனை சண்டை. முன்கதை சொல்ல வசனம் எழுதியிருந்தால் பத்து நிமிடம் போயிருக்கும். ஒரு கை கல்லைக் காட்டிவிட்டு வினோத்ராஜ் நகர்ந்துவிடுகிறார்.

கடைசிக் காட்சியில் பள்ளத்தில் ஊறுகிற தண்ணீரைப் பெண்கள் காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். ரொம்ப நேரம். வேறொன்றும் நடக்காது. படம் முழுக்க ஆம்பளை கத்திக்கொண்டே இருந்தானே, அவன் தேடிப்போன பெண்ணுக்கு அந்த நேரமெல்லாம் என்ன வேலை இருந்தது என்பதற்கு அந்த நீளம்தான் பதில். திண்ணையில் ஆயாவால் பொறுக்க முடியவில்லை. "அவசரப்படாத, கலங்கிடும். ஊற வுடு" என்று டிவிக்குள் இருந்த பெண்ணிடம் சொன்னது. அப்புறம் படத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வெள்ளாற்றில் கோடையில் ஊத்துத் தோண்டியது, கொட்டாங்குச்சியால் மொண்டது, அந்தக் காலத்தில் முழங்கை ஆழத்தில் கிடைத்த தண்ணீர், மணல் அள்ளிய பிறகு எத்தனை ஆழம் போக வேண்டியிருக்கிறது என்று பேச்சு ஆற்றுக்குப் போய்விட்டது. படம் நன்றாயிருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை.

வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் ஓடியது. சிவகார்த்திகேயன் தயாரிப்பு, சூரி கதாநாயகன். ஆகஸ்ட் 23இல் நேரே தியேட்டருக்கு வந்தது. சூரி முகத்தைப் பார்த்ததுமே சிரிக்கத் தயாராகிற கூட்டம் நம்முடையது. அதைத் தெரிந்துகொண்டே வினோத்ராஜ் ஒரு வேலை செய்திருக்கிறார்: கழுத்தில் சுண்ணாம்பைத் தடவி, தொண்டை கட்டிய ஆளாகச் சூரியை உட்கார வைத்திருக்கிறார். எந்தக் குரலுக்கு நாம் சிரித்துப் பழகினோமோ அந்தக் குரலே இல்லை. நாயகி மீனாவாக வரும் அன்னா பென் படம் முழுக்கப் பேசுவதில்லை என்றே சொல்லலாம். பின்னணி இசை அடியோடு இல்லை. ஆட்டோ எஞ்சினும் சேவலின் கொக்கரிப்பும்தான். நடுவழியில் மாடு ஒன்று மறித்து நிற்க, இத்தனை மீசைக்காரர்களும் திணற, ஒரு சிறு பெண் வந்து அதைப் பிடித்துக்கொண்டு போகிற இடத்தில் நான் பார்த்த தியேட்டரில் வாய்விட்டுச் சிரித்தார்கள். தாங்கள் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பது அவர்களுக்கு உறைக்க இன்னும் அரை மணி நேரம் ஆகும்.

மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். அங்கே வேறொரு பெண்ணுக்கு நடக்கிற பேயோட்டலைப் பாண்டியாக வரும் சூரி பார்க்கிறான். பார்த்துவிட்டு மீனா இருக்கிற பக்கம் நடக்கிறான். அவன் கண்ணாகவே கேமரா நடக்கிறது. படம் முடிந்துவிடுகிறது. அவன் என்ன முடிவெடுத்தான் என்று காட்டுவதில்லை.

விளக்கைப் போட்ட பிறகும் பாதிப் பேர் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், மிச்சப் படத்தையும் போடச் சொல்லி ஆபரேட்டரைத் திட்டியது. ஒருவர் காசைத் திருப்பிக் கேட்பேன் என்றார். இந்தப் படத்தையெல்லாம் தியேட்டரில் விட்டிருக்கக் கூடாது, விழாக்களோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று அப்போது ஒரு வாதம் ஓடியது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முடிவைத் தெரிந்துகொள்ள இப்படிக் கோபப்பட ஆள் வேண்டுமே. பெர்லினில் அதற்கு எங்கே போவது? சைக்கிள் ஸ்டாண்டில் வண்டி எடுக்கும்போது இரண்டு பேர் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாண்டி அவளைத் திரும்ப வீட்டுக்குத்தான் கூட்டிப் போவான் என்கிறார் ஒருவர்; "அட போய்யா, அத்தனை சொந்தக்காரன் சுத்தி நிக்கிறான், இவன் எங்க எதுத்துப் பேசுறது" என்கிறார் மற்றவர். டோக்கன் வாங்குகிற பெரியவர், வண்டியை நகர்த்திவிட்டுப் பேசுங்கள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு அவரும் கதை என்னவென்று கேட்டார்.